சமாதானம் எட்டாவது பெஞ்சுக்கு வருகிறது

குருவானவர் வலது கையை நீட்ட, உபதேசியார் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்ட அந்த நிமிஷத்திலேயே ஹெப்சிபா பெஞ்சுகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். பெண்கள் பக்கம் முன்னாலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. அவளுடையது எட்டாவது. ஓரத்தில் அவள், அவளை ஒட்டி கிளாடிஸ் அத்தை, அத்தைக்கு அந்தப் பக்கம் எமிலி டீச்சர், அப்புறம் சுவர் வரைக்கும் நாலு பேர். இந்தச் சபையில் சமாதானம் என்பது வாயால் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை, கைக்குக் கை நடந்து போகவேண்டும். உபதேசியார் நடுப்பாதையில் வந்து ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார், அவர் பக்கத்தில் இருப்பவருக்கு, அவர் அடுத்தவருக்கு. கொடுக்கிறவர் வலது கையை நீட்டணும், வாங்குகிறவர் பொத்தணும், இரண்டு பேரும் முகத்தைப் பார்க்கணும். மனசில் ஏதாவது இருந்தால் கை தொட்டிருக்கும்போதே சொல்லித் தீர்த்துவிடணும். தீராமல் கொடுத்த சமாதானம் தேள்குட்டி மாதிரி, போகிற கையை எல்லாம் கொட்டிக்கொண்டே போகும் என்று, பிள்ளைகளை முதல் நற்கருணைப் பந்திக்குத் தயார் பண்ணுகிற திடப்படுத்தல் வகுப்பில் வேதமுத்து சார் சொன்னார். சார் பேசினால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மாட்டுவண்டி போகலாம். "பி...ள்...ளை...க...ளே, அப்...படி...க் கை...யோ...ட பந்...திக்...குப் போ...கா...தீங்க." அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் ஹெப்சிபா அதே வண்டியை அதே இடத்தில் ஓட்டிக் காட்ட, வகுப்பே வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டது. சாரும் திரும்பாமலே, "யா...ரு அது, என் தம்...பியா?" என்று கேட்டார். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு அந்தத் தேள் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது, அது முதல் பெஞ்சில் ஏறிவிட்டது.

பெஞ்சுக்கு அடியிலிருந்து அந்த வாடை மறுபடியும் எழும்பியது. கோவிலுக்குள் நுழைந்தபோது, பீடத்து ஜாடியில் நாலு நாள் தண்ணீர் மாற்றாத பூ என்றுதான் நினைத்தாள், பூப் போடுகிற முறை யாருடையது, ரோஸ்லின் அக்காவுடையதா, ரோஸ்லின் அக்கா எப்படி மூக்கால் பேசுவாள் என்றுகூட மனசு ஓடிப்போய் ஒரு வரி பேசிப் பார்த்துவிட்டு வந்தது. பிரசங்கம் நடுவில்தான் தெரிந்தது, வாடை பீடத்திலிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்து வந்தது. அத்தையின் பவுடர் வாசம், சேலையில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டு வாசம், வாயிலிருந்து அழுகிய பழம் மாதிரி ஒரு தித்திப்பு, இதற்கெல்லாம் கீழே, சேலைக் கரையால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்த இடது காலில் வெள்ளைத் துணிக்கட்டு. அத்தை பிரசங்கம் முடிவதற்குள் மூன்று தரம் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்திருந்தாள். எமிலி டீச்சர் குனிந்து, "என்ன கிளாடிஸ், வயித்துக்குள்ள மீனு வளக்கியா?" என்று கேட்டாள். அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு டீச்சர், என்ன வெயிலு" என்றாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மப்பு போட்டிருந்தது. வெயிலே இல்லை. சாமுவேல் மாமாவுக்கும் இப்படித்தான் தாகம் எடுத்ததாம். அத்தையின் புருஷன். சர்க்கரை முற்றி முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் முழங்காலுக்குக் கீழே, அப்புறம் ஆளையே எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மாமா கட்டையை ஊன்றி நடக்கிற சத்தத்தைக்கூட ஹெப்சிபா ஐந்து வயதில் நாக்கை அண்ணத்தில் தட்டி அப்படியே செய்வாள், மாமாவே சிரிப்பார். அத்தை மட்டும் சிரித்ததில்லை. அதற்கப்புறம் அத்தைக்கும் சர்க்கரை வந்தது, ஊசி வந்தது, தினமும் இரண்டு வேளை, ஊர்க்கூட்டம் நடுவிலும் கல்யாணப் பந்தி நடுவிலும் அத்தை எழுந்து, "ஊசி போடணும், நேரமாச்சு, ஊசி போடணும்" என்று ஓடுவாள். தெருவுக்கே அது ஒரு வேடிக்கை. பயந்து போய்த்தான் ஓடினாள் என்று அப்போது யாருக்குத் தோன்றியது.

இரண்டாவது பெஞ்சு. ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளின் கையைப் பொத்தினாள், இருவரும் சிரித்தார்கள், முக்காடுகள் ஆடின. இருபத்தைந்து நாள். எண்ண வேண்டாம் என்றாலும் மனசு எண்ணி வைத்திருந்தது. புதன்கிழமை மத்தியானம், அத்தை வீட்டில் உபவாச ஜெபம், டவுனிலிருந்து கொர்னேலியா அம்மா வந்திருந்தாள், தீர்க்கதரிசனம் சொல்கிற அம்மா. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் ஜெபம் பண்ணினார்கள், இருபது ரேடியோவை இருபது ஸ்டேஷனில் வைத்த மாதிரி. அடுப்படி வாசலில் ஹெப்சிபாவும் எமிலி டீச்சரின் மகள் ஃபெபாவும். "அந்த அம்மா மாதிரி பேசுட்டி பாப்போம்" என்றாள் ஃபெபா, அவ்வளவுதான், வேறு காரணமே கிடையாது, யாரும் இதற்கு மேல் ஒரு காரணம் கேட்டால் அவளிடம் இல்லை. கொர்னேலியா அம்மாவின் குரல் பேசிக் காட்ட லேசான குரல். முதலில் ஒரு வறண்ட விம்மல், பிறகு 'மகளே'யை முறுக்குப் பிழிகிற மாதிரி இழுக்கணும், கடைசியில் வெறும் காற்றாக விட்டுவிடணும். "மகளேஏஏ... அந்த ஊசி உனக்கு எதுக்கு மகளே... தூரப் போடு மகளே... நான் இருக்கேன்லா..." ஃபெபா சுவரில் முட்டிக்கொண்டு சிரித்தாள். 'இருக்கேன்லா' என்று நம்ம ஊர்ப் பேச்சு வந்துவிட்டதே, மாட்டிக்கொண்டோம் என்று ஹெப்சிபா நாக்கைக் கடித்தாள். கொர்னேலியா அம்மா அப்படிப் பேசமாட்டாள். ஆனால் ரேடியோக்கள் எல்லாம் நின்றுபோயின. அந்த மௌனத்தில் அத்தை தரையில் குப்புற விழுந்து, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று அழுதாள். எல்லார் கண்ணும் மூடியிருக்க, கொர்னேலியா அம்மாவின் கண் மட்டும் திறந்திருந்தது. நேரே அடுப்படி வாசலைப் பார்த்தது. ஹெப்சிபாவை, அவள் வாயை. பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. "ஆமென்" என்றாள் அந்த அம்மா, தன் சொந்தக் குரலில், "ஆமென், மகளே, அவர் சொன்னதைச் செய்." அந்த 'ஆமென்' மட்டும் ஹெப்சிபாவுக்கு இன்று வரை பேசிக் காட்ட வரவில்லை. கூட்டம் முடிந்து ஆளுக்கொரு தட்டு அவித்த கிழங்கு. அத்தை அழுது வீங்கிய முகத்தோடு அடுப்படிக்கு வந்து தண்ணீர் குடித்தாள், ஹெப்சிபாவுக்கும் ஒரு தம்ளர் நீட்டினாள். வாங்கிக் குடித்தாள். குளிர்ந்த தண்ணீர். சாயங்காலம் இன்சுலின் குப்பிகள் சாக்கடையில் கிடந்ததாக அம்மா சொன்னாள். "என்ன விசுவாசம் பாத்தியா," என்றாள் அம்மா, பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே, "நமக்கெல்லாம் வருமா?"

மூன்றாவது, நாலாவது. உபதேசியார் வேகமாக வருகிறார், அவருக்கு எப்போதும் அவசரம், ஜெபம் பண்ணினாலே பஸ்ஸுக்குப் போகிற மாதிரிப் பண்ணுவார். சொல்லப் போகாமல் இல்லை, மூன்று தடவை போனாள். திடப்படுத்தலுக்கு வெள்ளை ரவிக்கை தைக்க அத்தைதான் துணி வாங்கினாள், அளவு எடுக்க வா என்றாள், போனாள், சொல்லிவிடத்தான் போனாள். அத்தை வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, டேப்பை அவள் தோளில் வைத்து, பல்லிடுக்கில் பேசினாள்: "என்கிட்ட அவரு நம்ம ஊருப் பேச்சுலயே பேசினாரு, தெரியுமாட்டி? கொர்னேலியா அம்மா வாயி, ஆனா பேச்சு நம்ம பேச்சு. இருக்கேன்லாங்காரு. யாரு எனக்கு அப்படிச் சொல்லிருக்கா இதுவரைக்கும்?" குண்டூசிகள் மின்னின. ஹெப்சிபா கையைத் தூக்கி நின்றாள், அக்குளில் டேப் சில்லென்று இருந்தது. இரண்டாம் தடவை போனபோது மெஷின் பெடலில் அத்தையின் கால், பெருவிரலில் ஒரு பிளாஸ்திரி. செருப்புக் கடி என்றாள். மூன்றாம் தடவை துணிக்கட்டு. "முந்தியெல்லாம் கால் எரியும்லா, மொளகாத்தூளுல மிதிச்ச மாதிரி, இப்ப ஒண்ணும் இல்லட்டி. தொட்டாகூடத் தெரியல, மரத்துப் போய் அப்படி ஒரு சுகம். அவரு தொட்டுட்டாரு." அத்தை சிரித்தபோது அவள் பல்லீறு வெளுத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சர் நரம்பைப் பற்றி நடத்தினாள், சர்க்கரையில் நரம்பு சாகும், செத்த நரம்புக்கு வலி கிடையாது. ஹெப்சிபா அந்தப் பாடத்தை முதல் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தாள், முதல் தடவையாக, டீச்சரின் குரலை இல்லை, பாடத்தை. வலி போவது சுகம் என்று நினைக்கிறவளிடம் போய் என்ன சொல்வது. சொன்னால் கால் பிழைக்குமோ என்னமோ, அவள் என்ன ஆவாள். அவளுக்கென்று ஒருத்தர் நம்ம ஊர்ப் பேச்சில் பேசினாரே, அவர் என்ன ஆவார். இப்படி நினைத்தபோது தன்மேலேயே ஒரு பெருமை வந்தது, எவ்வளவு இரக்கம் எனக்கு என்று. அந்தப் பெருமை வேதமுத்து சாரின் குரலில் வந்தது. இரக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயம். அம்மாவின் கை, அப்பாவின் பெல்ட், தெருவே வாசலில் கூடி நிற்கிற நிற்பு, அதெல்லாம்தான்.

ஐந்தாவது பெஞ்சில் ஒரு பிள்ளை அழுதது, சமாதானம் அங்கே கொஞ்சம் தங்கியது. தங்கட்டும், இன்னும் தங்கட்டும். கடவுள் கழுதை வாயால்கூடப் பேசியிருக்கிறாராம், ஞாயிறு பள்ளியில் படம் போட்டுக் காட்டினார்கள், அப்படியென்றால் அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்றது கழுதை, பேசியது அவர், ஊசியைத் தூரப் போடச் சொன்னது அவர், அத்தை பிழைத்துக்கொள்வாள், கழுதைக்கு ஒரு பொறுப்பும் இல்லை. இந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் அத்தை காலில் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தபோது கழுதை போய்விட்டது, அவள் மட்டும் நின்றாள். திடப்படுத்தலன்று பேராயர் தலையில் கை வைத்தார், கனமான கை, ஊதுவத்தி வாசம். எதுவோ இறங்கும் என்று காத்திருந்தாள். அவர் குரல் நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற குரல், தொண்டையைத் தாழ்த்தினால் வந்துவிடும் என்று மனசு கணக்குப் போட்டது, அதுதான் இறங்கியது. படுக்கையில் ஜெபம் பண்ணினால் பதில் வரத்தான் செய்தது. ஆனால் உற்றுக் கேட்டால் அப்பா மாதிரி இருந்தது, இல்லாவிட்டால் குருவானவர் மாதிரி, ஒரு நாள் பஸ் கண்டக்டர் மாதிரிக்கூட. எல்லாக் குரலும் அவளுக்குப் பேச வருகிற குரல்கள். தனக்குப் பேச வராத ஒரு குரல் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அது அவர்தான் என்று தெரிந்துகொள்ளலாம். அப்படி ஒன்று கேட்கவே இல்லை. கேட்காமலே இன்றைக்கு முதல் பந்திக்கு வந்தாயிற்று. அம்மா பாடகர் குழுவில் நிற்கிறாள், அதனால் காலையில் அத்தையே வீட்டு வாசலில் வந்து, "என் பக்கத்துல இருட்டி, முதத் தடவ போறேல்லா, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். வெள்ளைச் சேலைக்கு அத்தை மாட்டிவிட்ட ஊக்கு இப்போது தோளில் குத்திக்கொண்டிருந்தது.

ஆறு. ஏழு. ஏழாவது பெஞ்சின் ஓரத்து அம்மாள் காது கேளாதவள், உபதேசியார் இரண்டு தரம் சொல்லவேண்டியிருந்தது. தகுதி இல்லாமல் கை நீட்டினவன் ஒருத்தன், அப்பத்தை வாயில் வைத்ததும் தொண்டையில் ரத்தம் வந்து பீடத்துக்கு முன்னால் முழங்காலிடுகிற பந்திக் கம்பியிலேயே சாய்ந்தான் என்று வேதமுத்து சார் சொல்வார், எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டார். ஹெப்சிபா எச்சில் விழுங்கிப் பார்த்தாள். ரத்த ருசி இருந்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள். ஒரு வழி இருக்கிறது, திடீரென்று தெரிந்தது, இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை. அதே குரல். கொர்னேலியா அம்மாவாகவே இன்னொரு தடவை, போனிலோ, கதவுக்குப் பின்னாலோ: மகளே, உன் விசுவாசத்தைச் சோதித்தேன் மகளே, இனி ஊசியைப் போட்டுக்கோ மகளே. அவ்வளவுதான். ஊசி திரும்ப வரும், கால் பிழைக்கும், அவர் பேசினது பேசினதாகவே இருக்கும், அப்பாவின் பெல்ட் ஆணியிலேயே தொங்கும். ஒரே ஒரு பொய்யில் எல்லாரும் பிழைப்பார்கள். நெஞ்சு குதித்தது. குதித்த கையோடு, அடுத்த மாசம் அத்தைக்கு ஒரு கஷ்டம் வரும், மறுபடி காது கொடுத்துக் காத்திருப்பாள் என்று தோன்றியது, மறுபடி பேசணும், கிழவி ஆகிறவரைக்கும் பேசணும், ஒரு மனுஷிக்குத் தான் ஒருத்தியே கடவுளாக இருந்து தொலைக்கணும். அந்த நினைப்பு முடிவதற்குள் உபதேசியாரின் செருப்பில்லாத பாதங்கள் அவள் பக்கத்தில் வந்து நின்றன.

"சமாதானம்," என்றார் உபதேசியார், பஸ்ஸுக்குப் போகிற வேகத்தில். கை நீண்டது. பொத்தினாள். முகத்தைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை, ஒன்பதாவதுக்குப் போய்விட்டார். இப்போது அது அவளிடம் இருந்தது. திரும்பி வலது கையை நீட்டினாள். அத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கொதித்தது. வெந்நீர்ப் பையை அழுத்தின மாதிரி. அத்தை முகம் பளபளவென்று சிரித்தது. "என்னட்டி இப்படி முழிக்க, அவருகிட்டத்தான போறோம்." சொல்லிவிட்டாள். எப்படி வந்தது என்று தெரியவில்லை, தன் காதுக்கே எட்டாத அளவு சின்னதாக வந்தது: "அத்தை, அன்னைக்குப் பேசினது நான். ஊசியத் தூரப் போடுன்னு. கொர்னேலியா அம்மா இல்ல. நான்தான் விளையாட்டுக்குப் பேசினேன்." அத்தை சிரிப்பை மாற்றவில்லை. கையைத் தட்டிக்கொடுத்தாள். "பந்திக்குப் போற நேரத்துல பிசாசு இப்படித்தான் பிள்ளைக மனசுல பூந்து பேசுவான். எனக்கும் முதத் தடவ அப்படித்தான் இருந்துச்சு. பயப்படாத." "இல்ல அத்தை, நெசமா." "சும்மா இருட்டி, உன் பரிகாசத்தக் கோவிலுக்குள்ளயா வச்சிக்கிடுவ?" அந்தப் பக்கம் எமிலி டீச்சர் இரண்டு கையையும் தயாராக விரித்துக்கொண்டு காத்திருந்தாள். "என்ன அங்க ரகசியம்? குடுங்க இங்க, எல்லாரும் பாக்காவோ." ஒன்பதாவது பெஞ்சு முடிந்துவிட்டது. பாட்டுக்குக் கீபோர்டு காத்திருந்தது. ஹெப்சிபா வாயைத் திறந்தாள், எது வரப் போகிறது, உண்மையா, அந்த ஒரே ஒரு பொய்யா என்று அவளுக்கே தெரியவில்லை. வறண்ட விம்மல் வந்தது. அப்புறம் "மகளேஏஏ..." மெல்ல, அத்தைக்கு மட்டும் கேட்கிற அளவு, பிழிந்து, இழுத்து.

அத்தையின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அதைத்தான் ஹெப்சிபா சாகிறவரைக்கும் மறக்கமாட்டாள். கேட்ட உடனே, யோசிப்பதற்கு முன்னால், அம்மா கூப்பிட்ட பிள்ளை மாதிரி அந்த முகம் நிமிர்ந்தது. பிறகு கண் வந்து ஹெப்சிபாவின் உதட்டில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வெளிச்சம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை, போனது. அடுத்த வார்த்தை, நல்லதோ கெட்டதோ, தேவைப்படவே இல்லை. கையை அத்தை விடவில்லை, இறுக்கினாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. "அடுப்படி வாசல்லயா நின்ன?" "ஆமா அத்தை." "உனக்குத் தண்ணி குடுத்தேன்லா நான்?" "ஆமா." "குடிச்ச?" "ஆமா." அத்தை தலையை ஆட்டினாள், துணிக்கு எவ்வளவு நீளம் என்று கேட்டுக் கணக்குப் பண்ணுகிறவள் மாதிரி. "அப்ப அவரு என்கிட்ட ஒண்ணும் பேசல," என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. "கிளாடிஸ்!" என்றாள் எமிலி டீச்சர். அத்தை கையை விட்டாள். திரும்பினாள். வலது கையை நீட்டி, எமிலி டீச்சரின் முகத்தை நேராகப் பார்த்து, "சமாதானம் டீச்சர்" என்றாள். "ஏ, உனக்குக் கை கொதிக்குதே, காய்ச்சலா?" என்றாள் டீச்சர். சமாதானம் சுவரைப் பார்க்கப் போய்விட்டது.

முதல் பெஞ்சுகள் எழுந்து போயின, பாட்டு தொடங்கியது, அம்மாவின் குரல் மற்றக் குரல்களுக்கு மேலே தனியாகக் கேட்டது. எட்டாவது பெஞ்சின் முறை வந்தபோது எமிலி டீச்சரும் மற்ற நாலு பேரும் எழுந்தார்கள். அத்தை எழவில்லை. "கிளாடிஸ், வரலியா?" "நீங்க போங்க டீச்சர், பெறகு வாறேன்." அத்தையும் ஹெப்சிபாவும் முழங்கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள், சேலைகள் உரசிக்கொண்டு போயின, போகிறபோது டீச்சர் மூக்கைச் சுருக்கினாள், பீடத்து ஜாடியைப் பார்த்தாள். நீண்ட பெஞ்சில் இரண்டு பேர். "நீ போ," என்றாள் அத்தை. ஹெப்சிபா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். போனால் ரத்தம் வருமா வராதா என்கிற பயம்கூட இப்போது இல்லை. "உங்க அம்மா பாத்துருவா. எந்திச்சுப் போட்டி." "போகல." மூன்றாம் சரணம் போல இருக்கும், அத்தை முன்பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நாலு நாளா நானும் கட்ட அவுத்துப் பாக்கல. பாத்தா தெரிஞ்சிரும்லா. அவுக்காம இருக்கியதத்தான் விசுவாசம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்." பாட்டிலைத் திறந்தாள். காலி. மூடினாள். இடது காலை மெல்ல முன்னால் தள்ளி, சேலைக் கரையைக் கணுக்கால் மட்டும் தூக்கிக்கொண்டாள். "அவுத்துப் பாரு. என்ன நெறமா இருக்குன்னு சொல்லு. எவ மாதிரியும் சொல்லாத, நீ சொல்லு."

ஹெப்சிபா பெஞ்சுகளுக்கு நடுவில் அந்தக் குறுகின இடத்தில் முழங்காலிட்டாள். அங்கே பந்திக் கம்பியில் ஒரு வரிசை முழங்காலிட்டிருந்தது, கைகள் நீண்டிருந்தன. முடிச்சு இறுகிப் போயிருந்தது, பல்லால் இழுத்தாள், வாடை வாய்க்குள்ளேயே வந்தது. துணி ஒரு சுற்று வந்தது, இரண்டு சுற்று வந்தது, மூன்றாவது தோலோடு ஒட்டிக்கொண்டது. மேலே பார்த்தாள். "இழு," என்றாள் அத்தை, "எனக்கு வலிக்காது." இழுத்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கறுப்பா இருக்கு அத்தை," என்றாள்.